பஞ்சாரத்துக்குக் காவல்

வேப்பந்தட்டையிலிருந்து மலைப் பக்கம் போகும் மண்சாலையில் எங்கள் தெருதான் கடைசி. 1978இல் அந்தத் தெருவுக்கு இன்னும் கரண்டு வரவில்லை. பெரம்பலூரில் பல்பு எரியவிட்டுக் கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிறார்கள் என்று யாரோ சொன்னபோது பொன்னாயி அக்கா சிரித்துவிட்டார்.

"ஏன், அந்த ஊரு கோழிக்கெல்லாம் றெக்கை இல்லியா?"

அக்காவின் கணவர் அரியலூர்ப் பக்கம் கல்லுடைக்கப் போனவர், பொங்கலுக்குத்தான் வருவார். அக்கா காலையில் கூலி வேலைக்குப் போனால் வெயில் சாய்ந்துதான் திரும்புவார். அதுவரை வாசலில் மேயும் கோழிகளுக்கும் குஞ்சுகளுக்கும் கருவாயன்தான் காவல். மேலே பருந்து, வேலியில் கீரி, மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பூனை, எது வந்தாலும் அவன் விடமாட்டான்.

கருவாயன் சாதாரண நாட்டு நாய். முகம் மட்டும் கறுப்பு. கண் திறந்த கையோடு அவனைக் கொண்டுவந்து, தாய்க்கோழியும் குஞ்சுகளும் இருந்த பஞ்சாரக் கூடைக்குள்ளேயே விட்டார் அக்கா. தாய்க்கோழி மூக்கிலேயே கொத்தியது. அழுதான், பிறகு ஒதுங்கிப் படுக்கக் கற்றுக்கொண்டான். அதற்கப்புறம் எப்போது குஞ்சு பொரித்தாலும் ஒவ்வொன்றையும் அவன் மூக்கருகே நீட்டுவார். அவன் நக்குவான். நக்கிவிட்டால் அது அவன் வீட்டுப் பிள்ளை.

இதில் அக்கா ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். வீட்டில் கோழி அடித்தால் இறகையும் குடலையும் சாலைக்கு அந்தப்புறம் குழி தோண்டிப் புதைப்பார். எலும்புகூடக் கருவாயனுக்குக் கிடையாது. "இறகு வாசம் மூக்கோட நிக்கணும், வயித்துக்குள்ள போவக் கூடாது. போயிடுச்சுன்னா அப்புறம் காவலு இல்ல" என்பார். அவர் தம்பி தர்மனுக்கு இது நன்றாகத் தெரியும். தாய் செத்தபின் அவனை வளர்த்தது அக்காதான். பக்கத்து வீட்டில்தான் மனைவி இருசம்மாளோடு இருந்தான்.

ஐப்பசியில் தர்மன் வந்து கேட்டான்.

"கடலைக்கொல்லையில பன்னி பூந்து உழுதுட்டுப் போவுதுக்கா. புடுங்கி முடிக்கிற வரைக்கும் கருவாயன விடேன்."

"வேட்டைக்கு இழுத்துக்கிட்டுப் போயிடாதடா."

"அட, எங்கிட்டயே சட்டம் பேசறியே. ஒங்கையில வளந்தவன்க்கா நானு. மாரியாத்தா மேல சத்தியம்."

அக்கா கயிற்றைக் கொடுத்தார். அறுவடை முடிந்ததும் கருவாயன் திரும்பி வந்தான், கொஞ்சம் சதை போட்டிருந்தான். தம்பி நன்றாகச் சோறு போட்டிருக்கிறான் என்று அக்காவுக்குச் சந்தோஷம்.

மார்கழிப் பனியில் ஒரு கோழி பொரித்தது. அடுத்த வாரமே தாயைப் பாம்பு கடித்துவிட்டது. தாயில்லாத குஞ்சுகளை அக்கா வாயகன்ற பானையில் தவிடு பரப்பி விட்டு, அணைந்த அடுப்பின் பக்கச்சூட்டில் வைத்தார். மேலே கிழிந்த சேலையைத் தளர்வாகப் போட்டார். இறுக்கி மூடினால் மூச்சு முட்டிவிடும். பகலில் இளவெயிலும் கருவாயனின் வயிறும் போதும். போன வருஷமும் குஞ்சுகள் அவன் வயிற்றில் ஒட்டிக்கொண்டுதான் பிழைத்தன.

வழக்கம்போல ஒரு குஞ்சை அவன் மூக்கருகே நீட்டினார். அவன் நக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. பசி போலிருக்கிறது என்று கஞ்சி ஊற்றி, குஞ்சுகளை வாசலில் அவன் பக்கத்தில் விட்டுவிட்டு, அக்கா சோளக்கதிர் அறுக்கப் போய்விட்டார்.

திரும்பியபோது வாசலில் சத்தமே இல்லை. கருவாயன் ஓடி வரவில்லை. முருங்கை மரத்தடியில் தலையைத் தரையோடு வைத்துப் படுத்திருந்தான். கீரியோடு சண்டை போட்டிருப்பான் என்று நினைத்து, காயம் பார்க்க அவன் வாயைப் பிளந்தார். காயம் இல்லை. பல்லிடுக்கில் குஞ்சின் மஞ்சள் இறகு ஒட்டியிருந்தது. மிஞ்சிய குஞ்சுகள் விறகுக் கட்டுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தன.

அக்கா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

"நாயிக்கு என்னக்கா தெரியும். நாயி நாயிதான்" என்றான் தர்மன்.

இருசம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அது மேல ஏன்யா பழியப் போடற? கொல்லையில கவுதாரி புடிச்சப்ப தலையையும் கொடலையும் சுடச்சுட வாரிப் போட்டது யாரு? ஒங்கக்காளுக்குத் தெரிஞ்சா வெளக்குமாறு பிஞ்சிடும்னு அப்பயே சொன்னேன்ல?"

"வாய மூடுடி" என்றவன் அக்கா பக்கம் திரும்பினான். "ரெண்டு மூணு வாட்டிதான்க்கா. ஓடி ஓடிக் கவ்விட்டு வருது. அத வெறும் வாயோடவா அனுப்பறது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"மாரியாத்தாள விடு. ஒனக்குக் கஞ்சி ஊத்துன கையிடா இது. வேட்டைக்குன்னு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன். அது தெரிஞ்சுதான கடலைன்னு சொன்ன?"



எதிர்வீட்டு வேம்பு அண்ணன் ஒரு வழி சொன்னார். "செத்த குஞ்சு ஒண்ண அது கழுத்துல கட்டித் தொங்க விடும்மா. அழுவி நாறுற வரைக்கும் கெடக்கட்டும். அந்த ருசியே மறந்துடும்."

"எந்தம்பி கழுத்துல கட்டுனா அவன் மறப்பானாண்ணே?" என்றார் அக்கா.

பிறகு கருவாயனை நடத்திக்கொண்டுபோய்த் தர்மன் வீட்டுத் தூணில் கட்டினார். "இனிமே இது ஒன் நாயி" என்று மட்டும் சொன்னார். கருவாயன் ஊளையிட்டது தெருமுனை வரை கேட்டது.

காலையில் அக்கா கதவைத் திறந்தபோது, அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, கருவாயன் பஞ்சாரத்தை ஒட்டிப் படுத்திருந்தான். முதுகு பஞ்சாரத்துக்கு, முகம் வேலிக்கு. எப்போதும் படுக்கிற மாதிரியேதான். அக்கா அவனை விரட்டவில்லை. அவனுடைய கொட்டாங்கச்சியில் கஞ்சி ஊற்றினார். குஞ்சுகளைப் பானையிலிருந்து எடுத்துப் பஞ்சாரத்துக்குள் விட்டு, நாய் முட்டித் தள்ளினாலும் கவிழாதபடி மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். அறுப்புக்குக் கூப்பிட வந்த பெண்களிடம், "நான் வல்ல, நீங்க போங்க" என்றார். அந்த வருஷம் அதற்கப்புறம் அறுப்புக்கே அவர் போகவில்லை.

வெயில் ஏறியதும் ஒரு பருந்து வட்டமிட்டது. கருவாயன் எழுந்து வானத்தைப் பார்த்துக் குரைத்தான். அது போகும்வரை குரைத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் படுத்தான். குளிரில் குஞ்சுகள் மூங்கில் சிம்புகளுக்குள்ளிருந்து அவன் முதுகுப் பக்கமாகவே போய் ஒண்டின.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். குழவியை எடுக்கவில்லை.