பந்தியில் மேலே பார்க்கும் கேமரா

“கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. ஆங், அவ்வளவுதான். கையை மட்டும் இறக்கிக்கிங்க, முகத்தை மறைக்குது.”

அஜ்மீர் இதை ஒரு நண்டிடம் சொல்கிறார். அரசலாறு கடலில் சேரும் இடத்தில் மண் ஏறி உண்டான திட்டின் ஓரம், ஈரச் சேற்றில் குப்புறப் படுத்திருக்கிறார். கேமராவுக்கு எதிரே கட்டைவிரல் நகம் அளவு நண்டு ஒன்று, தன் உடம்பைவிடப் பெரிய ஒற்றைக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறது. அஜ்மீர் காத்திருக்கிறார். அவசரப்படுத்தினால் முகம் இறுகிவிடும் என்பது அவர் தொழிலில் கற்றது. ஒருவழியாக நண்டு கொடுக்கை இறக்குகிறது. எடுத்து முடித்ததும், “ரொம்ப சந்தோசம்ங்க” என்று அதனிடம் சொல்லிவிட்டு எழுந்து, முட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொள்கிறார்.

காரைக்கால் கடைத்தெருவை ஒட்டிய சந்தில் ‘ஷிஃபா வீடியோஸ்’ என்று மகள் பெயரில் கடை வைத்திருக்கும் கல்யாண வீடியோக்காரர் அவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நெரவி மண்டபத்தில் தாலி கட்டும்போது அய்யருக்கு இடதுபக்கம் நிற்க வேண்டும், நிக்காஹ் ஓதும்போது மாப்பிள்ளையின் வலது தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கால்களுக்கே தெரியும். வரிச்சிக்குடியில் எந்தச் சித்தப்பா எந்த மாமாவோடு பேசுவதில்லை என்பதும் தெரியும். அந்த இருவரையும் ஒரே படத்தில் சிரிக்க வைத்திருக்கிறார்.

திட்டுக்கும் அவர் இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டையில்தான் வருகிறார். கல்யாண வீட்டுப் பை அப்படியே கூட வருகிறது. அதில் ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா, கொத்தாக ஊக்கு, மடித்த கைக்குட்டைகள். சீப்புக்கும் பவுடருக்கும் இங்கே வேலை இல்லை. ஊக்குகளைக் கொண்டு, பறவைகள் பார்க்காமல் உட்கார்ந்து எடுக்கும் பச்சை வலை மறைப்பைக் காற்றில் பறக்காதபடி குத்தி வைத்திருக்கிறார். கைக்குட்டையால் ஒரு தப்பு நடந்தது. திட்டை ஆராய வந்தவர்களில் ஒருவர் நத்தை ஒன்றைப் படமெடுக்கச் சொன்னபோது, அதன் ஓட்டைப் பளபளவென்று துடைத்துவிட்டார். நத்தை ஆய்வாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். அழுக்காக இருந்தால் வீடியோவில் நன்றாக இருக்காது என்று அஜ்மீர் விளக்கம் சொன்னார். “அந்த அழுக்கைப் பாக்கத்தான் பாய் இவ்வளவு தூரம் வந்திருக்கோம்” என்றார் ஆய்வாளர். ஓட்டின் மேல் வளரும் பாசிதான் அவருக்கு வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எதையும் துடைப்பதற்கு முன் அஜ்மீர் கேட்டுக்கொள்கிறார்.

திட்டில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று பதிவு செய்ய இந்தக் கோடையில் ஓர் ஆய்வுக்குழு வந்தது. நண்டுக்கு ஒருவர், நத்தைக்கு ஒருவர், செடிகொடிக்கு ஒருவர், பறவைகளுக்குப் பெரியநாயகி. அவர்கள் வேலை செய்வதை ஆவணப்படமாக எடுக்க இயக்குநர் கார்முகில் தன் ஆட்களோடு சேர்ந்துகொண்டார். வந்த சில நாளிலேயே படக்குழுவின் ஒளிப்பதிவாளர் முகத்துவாரக் கருங்கல்லில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஊரில் நீளமான லென்ஸ் யாரிடம் இருக்கிறது என்று கார்முகில் விசாரித்தபோது, கேட்டவர்கள் எல்லோரும் அஜ்மீர் பெயரைச் சொன்னார்கள். மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசும் மாம்பழம் யார் கையில் விழுகிறது என்பதைத் தெருக்கோடியில் நின்று எடுப்பதற்காக அவர் வாங்கிய லென்ஸ் அது. தர்கா கந்தூரியில் கொடி ஏறுவதையும் அதில்தான் எடுப்பார்.

வைகாசி முகூர்த்தங்களைப் பக்கத்து ஊரான போலகத்துச் செந்தில்குமாரிடம் தள்ளிவிட்டுத்தான் அஜ்மீர் இதற்கு வந்தார். அதே தொழில் செய்யும் செந்தில்குமார் நண்பர், போட்டிக்காரரும்கூட. “நண்டுக்குத் தாலி கட்டுற அன்னிக்குச் சொல்லுங்க பாய், ட்ரோனோட வந்துடுறேன்” என்று போனில் கேலி செய்தார். மொய் எழுதாமல் வரக்கூடாது என்று அஜ்மீர் பதில் சொன்னார். முகூர்த்தம் போன வருத்தம் அவர் பேச்சில் இல்லை. இதுவரை அவர் எடுத்தது எல்லாம் அந்தந்த வீட்டார் ஒருமுறை பார்த்துவிட்டு பீரோவில் வைத்துவிடும் படங்கள். யார் என்றே தெரியாதவர்கள் உட்கார்ந்து பார்க்கப்போகும் ஒரு படத்தில் தன் வேலையும் இருக்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. அதை அவர் வெளியே சொல்வதில்லை. மனைவி நஜீபாதான் சொன்னார்.

அந்த ஆசைக்குச் சோதனையாக வந்தது ஓர் ஆலாக்குஞ்சு.

சின்ன ஆலா புறாவைவிடச் சிறிய வெள்ளைப் பறவை. மஞ்சள் அலகு, கறுப்புத் தொப்பி. கூடு கட்டாமல் வெறும் மணலில் முட்டையிடும். சித்திரைப் பௌர்ணமி ஓதத்தில் கடல் ஏறித் திட்டின் முட்டைகளெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட, மேட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பிக் குஞ்சு பொரித்தது. தாயும் தகப்பனும் மாறி மாறி மீன் கொண்டுவந்து அதற்கு ஊட்டின. அந்த மீன் கடலில் பிடித்ததா, திட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கும் ஆற்றுநீரில் பிடித்ததா? பெரியநாயகியின் கேள்வி இதுதான். நெத்திலி என்றால் கடல், மடவைக் குஞ்சு என்றால் தேக்கம் என்று அவர் பிரித்து வைத்திருந்தார். தேக்கத்து மீன் என்று காட்ட முடிந்தால், குஞ்சு வளரும் மாதங்களில் மண் அள்ளும் இயந்திரம் அந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அறிக்கையில் எழுதலாம். காட்ட முடியாவிட்டால் மணல்திட்டைப் பற்றி மட்டும்தான் எழுத முடியும்.

தொலைநோக்கியில் வெள்ளியாக ஒரு மினுக்கு தெரியும். என்னவென்று கூர்ந்து பார்ப்பதற்குள் குஞ்சு விழுங்கிவிடும். படமாக எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் வாலும் செதிலும் பிடிபடும். குஞ்சுக்கோ இறக்கையில் இறகு நிறைந்துவிட்டது. அது பறந்துவிட்டால் அடுத்த கோடைவரை கேள்வி அப்படியே நிற்கும்.

அஜ்மீர் இரண்டு நாள் காலையில் மறைப்புக்குள் உட்கார்ந்து எடுத்தார். வெயில் ஏறியதும் எல்லோரும் ஃபைபர் படகில் கரைக்குத் திரும்பினார்கள். அவர் கடையில் படத்தொகுப்பு வேலை நஜீபாவுடையது. எடுத்ததைப் பார்க்கப் பெரியநாயகியும் கார்முகிலும் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

திரையில் ஆலா அருமையாக இறங்கியது. அலகில் ஏதோ பளபளத்தது. மணலில் படர்ந்த அடம்பங்கொடிக்கு அடியிலிருந்து குஞ்சு ஓடிவந்து வாயைப் பிளந்தது. அந்த நேரத்தில் படம் மெல்ல, ஒரு குலுக்கல்கூட இல்லாமல், மேலே எழும்பி வானத்துக்குப் போனது. ஒரு வெள்ளை மேகம் நகர்ந்தது. படம் திரும்ப இறங்கியபோது குஞ்சு வாயை மூடிக்கொண்டு திருப்தியாக நின்றது. அடுத்த காட்சியிலும் அதே வானம். அதற்கு அடுத்ததிலும்.

கார்முகிலுக்கு மனம் நிறைந்துவிட்டது. ஊட்டுவதைக் காட்டாமல் விட்டதுதான் அழகு, இப்படி யோசிக்கத் தன் ஆட்களுக்கு வரவில்லையே என்றார். பெரியநாயகி முதலிலிருந்து இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னார்.

“பாய், மீன் எங்க?”

“இருக்குமே மேடம். நல்லா தெரிஞ்சிச்சே.” அஜ்மீர் உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தார். அவர் கண் மீனைப் பார்த்திருந்தது. கை வானத்துக்குப் போனது அவருக்குத் தெரியவில்லை.

நஜீபா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். “இவரு யார் சாப்பிட்டாலும் எடுக்க மாட்டாரு மேடம். எங்க அண்ணன் கல்யாண வீடியோவுல பிரியாணியே இல்ல. ஃபேன்தான் சுத்துது.”

ஊரில் பலருக்கும் தெரிந்த விஷயம் அது. அஜ்மீர் தொழிலுக்கு வந்த புதிதில், திருமலைராயன்பட்டினத்துக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளையின் பெரியப்பா வாயை அகலத் திறந்து கறித்துண்டைக் கடிப்பதை நெருக்கமாக எடுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் அந்த இடத்தை நிறுத்தி வைத்துச் சிரித்தார்கள். துபாய்வரை போனது படம். அதற்குப் பிறகு பெரியப்பா எந்த விருந்திலும் பந்தியில் உட்காரவில்லை, கொடுத்ததைப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று கேள்விப்பட்ட அஜ்மீர், தனக்கு ஒரு விதி வகுத்துக்கொண்டார். இலையை எடுக்கலாம், பரிமாறுவதை எடுக்கலாம், நாலு பேர் சேர்ந்து உட்காரும் சஹன் தட்டை எடுக்கலாம். கை வாய்க்குப் போகும்போது கேமரா மேலே போய்விட வேண்டும். பந்தலில் சீரியல் பல்பு இருக்கும், மண்டபத்தில் மின்விசிறி இருக்கும். திட்டில் வானம் இருந்தது.

பெரியநாயகிக்கும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு குஞ்சின் இறக்கையைத் திரையில் பார்த்துக்கொண்டே நின்றார். சிரிப்பு போய்விட்டது.

அஜ்மீர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “செந்திலைக் கூப்பிட்டுக்கலாம் மேடம்” என்றார் கடைசியில். “அவன் கூச்சம் பாக்க மாட்டான். எதையும் எடுப்பான்.”

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நஜீபா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

பெரியநாயகி ஒத்துக்கொள்ளவில்லை. “அந்தப் பறவை உங்களுக்குப் பழகிடுச்சு பாய். புது ஆள் உள்ள வந்து உக்காந்தா அது இறங்கவே இறங்காது. நாளைக்கு நீங்களே வாங்க. நானும் கூட இருக்கேன்.”

அன்று மாலை அஜ்மீர் கடையில் பயிற்சி எடுத்தார். நஜீபா முறுக்கு கடிக்க, அவர் எடுக்க வேண்டும். பத்துக் கடிக்குப் பத்து முறையும் கேமரா டியூப்லைட்டுக்குப் போனது. முறுக்கு தீர்ந்துபோனதும் நஜீபா, “கையை நம்பாதீங்க, ஸ்டாண்டை நம்புங்க” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

மறுநாள் காலை மறைப்புக்குள் அஜ்மீர் செய்த வேலை எந்தக் கல்யாணத்திலும் செய்யாதது. குஞ்சு வந்து நிற்கும் கொடியடிக்குக் கேமராவைக் குறிவைத்தார். தூரத்தைச் சரிபார்த்துப் பூட்டினார். முக்காலியின் திருகுகளை எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். கேமராவை மேலும் கீழும் திருப்பும் கைப்பிடியைக் கழற்றிப் பெரியநாயகி கையில் கொடுத்தார். “கேட்டாலும் தராதீங்க மேடம்” என்றார்.

கடல்காற்று வலையை அசைத்தது. கொடியடியில் குஞ்சு நின்றிருந்தது. நேற்றைவிட அதிகமாக இறக்கையை அடித்துப் பார்த்தது. ஒருமுறை கால்கள் மணலைவிட்டு எழும்பின, மறுபடி இறங்கின. பெரியநாயகி மூச்சை அடக்கிக்கொண்டார். அஜ்மீர் ஒளிப்பதிவைத் தொடங்கிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

ஆலா ஆற்றுப்பக்கத்திலிருந்து வந்தது. தலைக்கு மேலே ஒரு சுற்று சுற்றி, கொடிக்கு முன்னால் இறங்கியது. அலகில் மீன் குறுக்காகக் கிடந்தது. குஞ்சு ஓடிவந்து கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தது. கேமரா அசையவில்லை. பெரியநாயகி கேமராவின் சின்னத் திரைமேல் குனிந்தார். மழுங்கிய தலை, வாலின் பிளவு, பக்கவாட்டில் செதில் வரிசை எல்லாம் தெரிந்தன. மீன் தலை முதலில் உள்ளே போனது. வால் ஒரு கணம் வெளியே துடித்துவிட்டு அதுவும் போனது.

“மடவைக் குஞ்சு, பாய்” என்றார் பெரியநாயகி. “தேக்கத்து மீன்தான். முழுசா வந்திருக்கு, பாருங்க.”

அஜ்மீர் பார்க்கவில்லை. வலைக்கு வெளியே, கடல் பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

“சாப்பிட்டு முடிச்சிட்டாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.