மாஸ்க்குக்குப் பின்னால்

ஆபரேஷன் செய்கிறவர்களே, நமக்கு மாஸ்க் கொடுத்திருப்பது கிருமிக்காக மட்டுமில்லை, முகத்தில் தெரியும் பயத்தை மூடவும்தான். எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு முதல் பெண் சர்ஜனாக வந்தேன். என் கை தவறினால், எனக்குப் பிறகு வரும் பெண்ணுக்கும் இங்கே கத்தி கிடைக்காது. அந்தப் பயத்தோடுதான் தினமும் கை கழுவினேன்.

எந்தத் தெரு?

கீழ்பென்னாத்தூர் விவசாயி ஏழுமலைக்குக் குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலை. கூட வந்த அண்ணன் டாக்டர் ஐயா எப்போது வருவார் என்று கேட்டார். நான்தான் என்றேன். எந்த ஊர், எந்தத் தெரு என்றார். ஊருக்கு வெளியே காலனி என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. தம்பியை வேனில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோகப் பார்த்தார். வழியிலேயே வெடித்துவிடுமே என்று பயந்தேன். ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஏழுமலைதான் பேசினார்.

“தெருவ அப்புறம் கேளுண்ணா. வலியில உசுரு போவுது, இந்தம்மாவே அறுக்கட்டும்.”

சாப்பிட்டாரா?

தண்ணீர்கூடத் தரக்கூடாது என்று ஏழுமலையின் மனைவியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஒன்றும் தரவில்லை என்று அந்த அம்மாளும் சாமி சத்தியமாகச் சொன்னார். மயக்க மருந்து கொடுக்கப் போகும்போது அவர் மீசையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போனால் ஆள் அங்கேயே முடிந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்துவிட்டு, வெளியே போய் அந்த அம்மாளைக் கேட்டேன்.

“சாப்பாடு தரலீங்கம்மா, கோயில் பொங்கல்தான் ஒரு வாய் ஊட்டினேன். சாமி பிரசாதத்தப் போயி யாராவது சாப்பாடும்பாங்களா?”

டார்ச்

வயிற்றைத் திறந்து வைத்திருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ரத்தம் கசிகிற இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் டார்ச் அடித்தார். வெளிச்சம் கிடுகிடுவென்று ஆடியது. என் கைதான் ஆடுகிறது, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“ஆடறது என் கை டாக்டர். உங்க கை அப்படியேதான் இருக்குது, நீங்க முடிச்சுப் போடுங்க.”

அண்ணன் திரும்பி வந்தார்

ஏழுமலை பிழைத்து வீட்டுக்குப் போனார். கொஞ்ச நாளில் அண்ணன் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு வந்தார், பின்னால் கழுத்தில் கட்டியோடு அவர் மனைவி. அந்த அம்மாளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, என் பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினார்.

“இவளுக்கும் நீங்களே அறுங்கம்மா. நீங்க எந்தத் தெருன்னு மட்டும் நான் வீட்ல சொல்லலீங்க.”

ஊரார் வயிற்றையெல்லாம் தைத்து அனுப்பிய எனக்கு, என் வயிற்றில் புளி கரைவதை மட்டும் ஓய்வு பெறும்வரை நிறுத்தத் தெரியவில்லை.