சீமெந்து எரிமலையும் முதல் ஏச்சும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கட்டாரிலிருந்து இரண்டு மாத லீவில் திருகோணமலைக்கு வந்திருந்தபோது நடந்தது இது. சல்லி என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போகிற வழியில்தான் எங்கள் வீடு. நான் மேசன், சீமெந்து பூசுகிறவன். என் கைவேலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

அதற்கு முந்தைய தடவை நான் வந்துபோனபோது மகளுக்கு ஆறு வயது. இந்தத் தடவை பதினொன்று. இடையில் ஃபோனில் முகம் பார்த்துக் கதைத்தோம்தான். ஆனால் நேரில் வந்து நின்றபோது அவளுக்கு என்னை என்ன செய்வதென்று தெரியவில்லை. அலுமாரியில் பூட்டி வைத்திருக்கும், ஆட்கள் வந்தால் மட்டும் எடுக்கும் பூப்போட்ட கோப்பையில் எனக்குத் தேத்தண்ணி வரும், கீழே தட்டும் இருக்கும். "அப்பா, சீனி காணுமா, இன்னும் போடட்டா?" "அப்பா, ஃபேன் போடட்டா?" ஏதோ கந்தோருக்கு வந்த பெரிய மனிதரைக் கவனிப்பதுபோல் கவனித்தாள்.

தாயோடு அவள் அப்படியில்லை. பின்னல் இறுக்கமென்று சண்டை, சம்பல் உறைப்பென்று சண்டை. "உங்களுக்கு ஒண்டும் தெரியாது, விடுங்கோ அம்மா" என்பதை நாளைக்குப் பத்துத் தரம் சொல்வாள். மனைவி என்னிடம் முறைப்பாடு வைப்பாள். "பாத்தீங்களே, வாய் எவ்வளவு நீண்டுபோச்செண்டு." நானும் பொறுப்பான தகப்பன்போல் தலையாட்டுவேன். உள்ளுக்குள் எனக்குப் பொறாமை. என்னிடம் ஒரு தரமாவது அப்படிச் சண்டை பிடிக்கமாட்டாளா என்றிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை நினைத்து எனக்கு அழுகைகூட வந்தது.

இரண்டாவது கிழமை, பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கு எரிமலை செய்யப்போவதாக மகள் சொன்னாள். பழைய பத்திரிகைகளைக் கிழித்து, குசினி மூலையில் ஒரு பேசினில் நாலு நாளாக ஊறப்போட்டிருந்தாள். ஒரு சோடாப் போத்திலை நடுவில் வைத்து, தாளையும் மாப்பசையையும் குழைத்து அப்பத் தொடங்கியிருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். மலை ஒரு பக்கம் சரிந்து நின்றது. எனக்குக் கை துறுதுறுத்தது. மேசன் வீட்டுப் பிள்ளை தாளில் மலை செய்வதா?

அடுத்த நாள் அவள் பாடசாலைக்குப் போனதும் வேலையைத் தொடங்கினேன். போத்திலில் அப்பியிருந்ததைப் பிய்த்துப் பேசினில் போட்டு, எல்லாவற்றையும் கோழிக்கூட்டுப் பக்கம் கொட்டினேன். கம்பி வலையை வளைத்து, அவளுடைய போத்திலை நடுவில் நிறுத்தி, அதன் கழுத்தை வெட்டி, அரை மூட்டைச் சீமெந்தைக் குழைத்து ஏற்றினேன். உச்சியில் கிண்ணம்போல் குழித்தேன். குழம்பு ஓட மூன்று வாய்க்கால் வெட்டினேன். சிவப்புப் பொலிஷ் போட்டுத் தேய்த்ததில் வீட்டுத் தரையைவிட மலை பளபளத்தது. கட்டாரில் வானுயரக் கோபுரமெல்லாம் பூசியிருக்கிறேன், ஆனால் இவ்வளவு ஆசையாக எதையும் பூசியதில்லை.

மகள் வந்தாள், பார்த்தாள். மூலையில் பேசின் காலியாகக் கவிழ்ந்து கிடந்ததையும் பார்த்தாள். "நல்லாயிருக்கு அப்பா. தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். "அது அவள் நாலு நாளா ஊறப்போட்டது" என்று மட்டும் மனைவி சொன்னாள். பிள்ளைக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைக்க எவ்வளவு வசதியாக இருந்தது பாருங்கள்.

இடையில் ஒரு நாள், "ஒருக்கா வினாகிரி ஊத்திப் பொங்குதோ எண்டு பாப்பமா அப்பா?" என்று கேட்டாள். "வேண்டாம் மகள், பொலிஷ் கெட்டுப்போகும்" என்றேன். "சரி அப்பா" என்றாள். தாய் அப்படிச் சொல்லியிருந்தால் அவள் சும்மா விட்டிருக்கமாட்டாள்.

கண்காட்சியன்று காலையில்தான் எனக்கு அடுத்த விஷயம் உறைத்தது. மலையை அசைக்க ஏலாது. கடைசியில் கடற்கரையில் வள்ளம் இழுக்கிற நாலு பேரைக் கூட்டிவந்தேன். கயிறு கட்டி, தடி கொடுத்துத் தூக்கினார்கள். அதில் ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, தூக்கிக்கொண்டுபோக வந்த இராவணனே கோணமலையை அரைவாசிதான் வெட்டினவன். நீங்கள் எங்களைக் கொண்டு முழுசாத் தூக்குவிக்கிறீங்கள்" என்றார். லான்ட்மாஸ்டர் என்கிற உழவு மெஷின் பெட்டியில் ஏற்றிப் பாடசாலைக்குக் கொண்டுபோனோம். மேசை தாங்காது என்று அதைத் தரையில் வைத்தோம். அந்த ஒரு மண்டபத்திலேயே இன்னும் நாலு எரிமலைகள் நின்றன, எல்லாம் தாளில் செய்தவை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

நடுவராக வந்த ஆசிரியை முன்னால் நிற்க, மகள் மனப்பாடம் செய்ததைப் பிசகாமல் சொன்னாள். பிறகு அப்பச்சோடாவைப் போத்தில் வாய்க்குள் போட்டாள். நாலு கரண்டி போடவேண்டிய இடத்தில் ஒரு கரண்டியோடு நிரம்பிவிட்டது. அவள் முகம் மாறியதைக் கண்டேன். சிவப்புச் சாயம் கலந்த வினாகிரியை ஊற்றினாள். புஸ்ஸென்று ஒரு சின்னச் சத்தம். கொஞ்சம் நுரை விளிம்புவரை வந்து எட்டிப்பார்த்துவிட்டு அடங்கிப்போனது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை.

மகள் விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். ஒரு விரற்கணுவுக்கு மேல் விரல் போகவில்லை. நான் பூசும்போது சாந்து உள்ளே விழுந்து, போத்தில் அடைபட்டு இறுகியிருந்தது. பூசுவதற்கு முன்பு குழாய் வாய்க்குள் தாளைத் திணித்து வைப்பது எங்கள் வேலையில் அரிச்சுவடி. அதை மறந்த புதுப் பெடியன்களை நானே எத்தனை தரம் ஏசியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு வீட்டிலிருந்த தாளையெல்லாம் கோழிக்குக் கொட்டியவனும் நான்தானே.

மகள் நிமிர்ந்தாள். நடுவரையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

"போத்திலுக்குள்ள சீமெந்து கிடக்கு! பூசேக்க கண் எங்க இருந்தது அப்பா? ஒருக்கா ஊத்திப் பாப்பமெண்டு கேட்டனான்தானே. ஆர் உங்களை இதில கை வைக்கச் சொன்னது? என்ட தாளெல்லாத்தையும் கொட்டிப்போட்டு..."

மண்டபமே எங்கள் பக்கம் திரும்பியது. கூட வந்திருந்த மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால் பிள்ளையிடம் ஏச்சு வாங்கிய எனக்குக் கோபம் வரவேண்டும், குறைந்தது வெட்கமாவது வரவேண்டும். வெட்கம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கும் மேலாக வந்தது சந்தோஷம். ஐந்து வருடம் காத்திருந்த பாஷையில் என் பிள்ளை என்னோடு கதைத்துவிட்டாள்.

"பிழைதான் மகள். உன்னைக் கேட்காமல் உன்ட தாளைக் கொட்டினது பெரிய பிழை" என்றேன்.

"பாத்துக்கொண்டு நிக்காம போய் ஒரு யோகட் கப் கொண்டுவாங்கோ. கழுவிக் கொண்டுவாங்கோ. கெதியா."

ஓடினேன். நாற்பத்திரண்டு வயதில் பாடசாலை முற்றத்தில் ஓடினேன். கன்டீனில் யோகட் ஒன்றை வாங்கி, நின்ற நிலையிலேயே வாயில் கவிழ்த்துவிட்டு, குழாயடியில் கப்பைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தேன். மகள் அதை உச்சிக் குழியில் இருத்தினாள். சோடா போட்டாள், கோப்பை கழுவுகிற சவர்க்காரத்தில் நாலு துளி விட்டாள், மிச்ச வினாகிரியை ஒரே ஊற்றாக ஊற்றினாள்.

சிவப்பு நுரை பொங்கியது. கப்பைத் தாண்டி, குழியை நிரப்பி, மூன்று வாய்க்காலிலும் பிரிந்து இறங்கியது. ஒரு சொட்டுக்கூட வழி தவறவில்லை. சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள். மகள் என்னைக் கடைக்கண்ணால் பார்த்தாள். "வாய்க்கால் நல்லாத்தான் வெட்டியிருக்கிறீங்கள்" என்றாள். கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, குரலில் தெரிந்தது.

பரிசு கிடைக்கவில்லை. தாள் எரிமலை ஒன்றுக்குத்தான் முதலிடம். மலையைத் திருப்பித் தூக்க அந்த நாலு பேரும் கண்ணில் படவேயில்லை. பெரிய வகுப்புப் பெடியன்கள் அதை மண்டபத்திலிருந்து இழுத்துப் பாடசாலைத் தோட்டத்தில் விட்டார்கள், இன்றும் அங்கேயே நிற்கிறது. பிள்ளைகள் அதில் ஏறியிருந்து பணிஸ் சாப்பிடுகிறார்களாம்.

அன்று பின்னேரம் நான் கதிரையில் சாய்ந்திருந்தேன். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் டொக்கென்று வைத்தாள். காது உடைந்த கோப்பை, தட்டும் இல்லை. சீனி காணுமா என்றும் கேட்கவில்லை. குடித்துப் பார்த்தேன், சீனி காணாது. அதைவிட ருசியான தேத்தண்ணியை நான் குடித்ததில்லை.

இப்போது மறுபடி கட்டாரில் இருக்கிறேன். நான் ஃபோன் எடுக்கும்போதெல்லாம் மகளிடமிருந்து ஏதாவது ஒன்றுக்கு ஏச்சு விழும்: பிந்தி எடுத்தது, தாடியை வழிக்காதது, மருந்து போடாதது. அறையில் கூட இருப்பவர்கள் என்னைப் பாவம் என்று பார்க்கிறார்கள். நான் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறேன். விருந்தாளியை யாரும் ஏசுவதில்லை. அந்த லீவில் நான் உண்மையாகவே வீடு வந்துசேர்ந்தது, "ஆர் உங்களை இதில கை வைக்கச் சொன்னது" என்று என் மகள் ஊர் முன்னால் கேட்ட அன்றைக்குத்தான்.