யாக்கோப்பின் மாடுகளும் ஒரு ‘வா’வும்

போன கிழமை எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்வெளிக்குச் சாணித் தண்ணீர் அடித்தார்கள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஜன்னல்களைப் படபடவென்று சாத்தினார்கள். நான் மட்டும் அகலத் திறந்துவைத்தேன். “உங்களுக்கென்ன விசரோ?” என்றாள் மனைவி. அந்த நாற்றத்துக்குள் என் இளவயது முழுவதும் இருக்கிறது என்று அவளுக்கு எப்படி விளங்கவைப்பது?

ஊரில் நான் கணக்கில் முட்டை வாங்கும்போதெல்லாம் வாத்தியார், “நீ மாடு மேய்க்கத்தான் சரி” என்பார். மனுசன் வாக்குப் பலித்தது. சுவிஸில் பலிக்கும் என்று அவரே நினைத்திருக்கமாட்டார். முதலில் கூர் என்ற நகரத்தில் ஒரு ஹோட்டலின் நிலவறையில் கோப்பை கழுவினேன். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை, தட்டுக் கொண்டுவருபவர்களின் சப்பாத்தைப் பார்த்துத்தான் அறிவேன். சென்ட் காலன் நகரத்துக்கு அப்பால், மலைச்சரிவில் யாக்கோப் என்பவருடைய மாட்டுப்பண்ணைக்கு ஆள் தேவை என்று, எனக்கு வேலை தேடித்தரும் அண்ணை சொன்னார். அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டேன்.

அங்கே ஆகாயம் இருந்தது. போதாதா? சாணி அள்ளினேன், புல் உலர்த்தினேன், மாடுகளின் பெயர்களைப் பாடமாக்கினேன். பின்னேரம் வேலியோரம் நின்று, ஒரு கை உப்பை நீட்டி, “வா... வா...” என்பேன். ஃப்ளோரா முன்னால் வருவாள். மற்றவை கழுத்து மணிகளை ஆட்டிக்கொண்டு பின்னால் வரும். தொழுவத்துக்குள்ளிருந்து யாக்கோப் ஏதோ கத்துவார். மாட்டுக்காரர் என்றால் கத்தத்தானே வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு மத்தியானம் அண்ணை போன் எடுத்தார்.

“தம்பி, உனக்குக் காது கேக்காதாமே?”

“ஆர் சொன்னது?”

“யாக்கோப். எந்த நேரமும் ‘என்ன, என்ன’ எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறியாம். செவிட்டு ஆளை ட்ராக்டருக்குக் கிட்ட வைச்சிருக்கப் பயமாம். இந்தக் கிழமையோட நிப்பாட்டப் போறாராம். திரும்பிக் கூருக்கு வா, கோப்பை இருக்குத்தானே.”

மறுபடி அந்த நிலவறையா? “நான் வரமாட்டன் அண்ணை” என்று வைத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் வழக்கம்போல “வா... வா...” என்றேன். தொழுவத்துக்குள்ளிருந்து யாக்கோப், “ந்யுட்!” என்று கத்தினார். ‘ஒன்றுமில்லை!’ அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கத்துப் பேச்சில் ‘வா’ என்றால் ‘என்ன’. இவ்வளவு நாளும் நான் மாட்டைக் கூப்பிட, மனுசன் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்!

நேரே போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். வேலிக்கு அப்பால் நிறுத்தி, எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், மாடுகளின் பெயரைத் தணிந்த குரலில் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

“ஃப்ளோரா” என்று முணுமுணுத்தார். “ஃப்ளோரா” என்றேன். பின்னால் போய், “ஸ்டேர்னா” என்றார். “ஸ்டேர்னா” என்றேன். இன்னும் தள்ளிப் போய், காற்றோடு காற்றாக, “ஷ்டூர்கிரிண்ட்” என்றார். புது மாடு வாங்கியிருக்கிறார் போலும் என்று நினைத்து, அதையும் கணீரென்று சொன்னேன்.

யாக்கோப் சிரித்த சிரிப்பில் புல்லில் குந்திவிட்டார். பிடிவாதம் பிடித்த மண்டை என்று என்னைத்தான் திட்டியிருக்கிறார். எழும்பி, என் தோளில் தட்டி, “நீ இங்கேயே நில்” என்றார். நின்றேன். நாளடைவில் அவரும் மாடுகளை “வா” என்றே கூப்பிடத் தொடங்கினார்.

இப்போது அந்தப் பண்ணை இல்லை. யாக்கோப்பின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. பிள்ளைகளுக்குப் பட்டணத்தில் வேலை. ஃப்ளோராவின் பேத்திகளையும் லொறியில் ஏற்றி அனுப்பியாயிற்று. தொழுவத்தில் யார் யாருடைய கார்களோ நிற்கின்றன. சாணி மணம் வேண்டுமென்றால் நான் இப்படி ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டியதுதான்.

ஜன்னலைத் திறந்துவைத்த அன்றே அவருக்குப் போன் எடுத்தேன். இப்போது அவருக்கு உண்மையாகவே காது மந்தம். சுகமா என்றேன்.

“வா?” என்றார்.

சத்தமாகக் கேட்டேன்.

“வா? வா?”

சனிக்கிழமை போறன்.