எது இளையது?

கைக்குட்டை நுனியை எச்சிலில் நனைத்து நம்பர் தட்டைத் துடைக்கிறார் விமலசூரிய. தட்டில் தூசி ஒன்றும் இல்லை. இன்று காலை மட்டும் இது நான்காவது தடவை. மாவனல்லையில் கண்டி ரோட்டோரம் இருக்கும் இந்தப் பழைய வாகனக் கடைக்கு மூன்று வாரமாக வந்துகொண்டிருக்கிறார். வெள்ளை ஜீப்பை ஒரு சுற்று, சாம்பல் ஜீப்பை ஒரு சுற்று. இரண்டும் ஒரே கம்பனி, ஒரே உயரம்.

"தம்மிக, கடைசியா ஒருக்கா கேக்கிறேன். இதுல எது பழசு?"

கடைக்காரன் தம்மிக தலையில் கை வைக்கிறான். "நேத்தும் சொன்னேனே ஐயா! வெள்ளைக்கு நம்பர் தட்டுல பழைய எழுத்து, முந்திப் பதிஞ்சது. ஆனா செஞ்ச கையோட நேரா இங்க வந்தது. சாம்பலுக்குப் புது எழுத்து. ஆனா ஜப்பான்ல மூணு வருஷம் ஓடிட்டுத்தான் இங்க வந்து பதிஞ்சது."

"அப்ப சாம்பல்தான் பழசு."

"செஞ்ச வருஷத்தைப் பாத்தா அப்படி. ஊர்ல எல்லாரும் எழுத்தைத்தானே பாக்கிறாங்க?"

"அப்ப வெள்ளைதான் பழசு."

"அப்படியும் சொல்லலாம்."

வேறு யாராவது இப்படிக் குழம்பினால் மன்னித்துவிடலாம். இவர் முப்பத்தோரு வருஷம் பிறப்பு, இறப்புப் பதிவாளராக இருந்தவர். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வசதியாக ஒரு மாதம் தள்ளி எழுதச் சொல்லித் தேங்காயும் வாழைக்குலையுமாக வந்த அப்பன்மாரை வாசலிலேயே விரட்டியிருக்கிறார். "பதியிற நாள் வேற, பொறக்கிற நாள் வேற. புள்ள என்ன உன் வசதி பாத்தா பொறந்திச்சு?" என்று அவர் போட்ட சத்தம் சந்தை வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் இரண்டு ஜீப்புகள் இந்தப் பாடு படுத்துகின்றன.

எல்லாம் ஜாதகம் பார்க்கும் சாத்திரியார் சொன்ன ஒரு சொல்லால் வந்த வினை. "ரெண்டுல இளையதை எடுங்க, வீட்டம்மா உடம்பு தேறும்" என்று சொல்லி, இன்று காலை பத்து நாற்பத்திரண்டுக்குள் வண்டியைக் கடை வாசல் தாண்ட வைக்கவேண்டும் என்று நேரமும் குறித்துக் கொடுத்துவிட்டார். அதை விட்டால் இன்னும் பன்னிரண்டு நாளைக்கு நல்ல நேரம் இல்லை. விமலசூரியவின் மனைவி நந்தாவதிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். போன செவ்வாய்க்கிழமை கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ்ஸுக்குள்ளேயே மயங்கி விழுந்துவிட்டார். அன்றிலிருந்து விமலசூரியவுக்குப் பயம். பிழையான வண்டியை எடுத்து, அதனால் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம்.

பத்தரைக்குச் சாத்திரியாருக்கே போன் போடுகிறார்.

"சாத்திரியாரே, வாகனத்துக்குப் பொறப்பு எது? செஞ்ச நாளா, பதிஞ்ச நாளா?"

"அதை என்கிட்ட கேக்கிறீங்களா? நீங்கதானே ஐயா பதிவாளர்!"

போனைச் சட்டைப் பையில் போடப் போய்க் கீழே போடுகிறார். எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வெள்ளைக்குப் பின்னால் போகிறார். மணிக்கூட்டைப் பார்க்கிறார். சாம்பலுக்குப் பின்னால் போகிறார். அவர் முகத்தைப் பார்க்கச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

அவரோடு கூட வந்து இவ்வளவு நேரமும் வெயிலில் நின்றிருந்த நந்தாவதி பக்கத்திலிருந்த சாம்பல் ஜீப்பின் கதவைத் திறந்து, காலைத் தொங்கப் போட்டபடி சீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்.

"நந்தா, பொறு பொறு! அதுக்கு என்ன வயசுன்னு இன்னும் சரியாத் தெரியல்ல..."

"எனக்கு அறுபத்தி நாலு," என்கிறார் நந்தாவதி. "எனக்கு நிக்க ஏலாது."

தம்மிக சிரிக்க வாயெடுத்து அடக்கிக்கொள்கிறான். விமலசூரிய மனைவிக்கு முன்னால் குந்தி, செருப்புப் பட்டி அழுந்திய வீங்கிய பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைக்கிறார். வெளியே தொங்கிய சேலை நுனியை மடித்து அவர் மடியில் போடுகிறார். பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்துகிறார்.