வின்னி பிடுங்கிய வெடிகள்

வின்னி டட்டனை இங்கிலாந்தின் ரயில் ஊரான க்ரூவில் கோபக்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. நானும் அந்த எஞ்சினில் இருந்தவன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆவியோடும் அழுக்குத் துணியோடும் மல்லுக்கட்டியவர் வின்னி. அவர் கணவர் ஹெர்பர்ட் தபால் ரயில் ஓட்டுநர்; நான் அவருக்கு உதவியாள். ஒருநாள் விடிவதற்கு முன், சிக்னலில் பொய்யாகச் சிவப்பை எரியவிட்டு எங்கள் வண்டியை நிறுத்தினார்கள். முகமூடிக் கும்பல் ஏறியது. என்னைக் கட்டிப்போட்டார்கள். ஹெர்பர்ட்டின் மண்டையில் இரும்புத் தடியால் போட்டார்கள். கண்ணில் ரத்தம் வழிய வழிய, அவரையே பாலம் வரை வண்டியை ஓட்டவைத்து, பணமூட்டைகளை இறக்கிக்கொண்டு கம்பி நீட்டினார்கள்.

பத்திரிகைகள் அந்தப் பயல்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடின. துப்பாக்கியே எடுக்கவில்லையாம், பெரிய கனவான்களாம். இரும்புத் தடி என்ன பூச்செண்டா? ஹெர்பர்ட் அதற்குப் பிறகு எஞ்சின் ஏறவில்லை. விளக்கு அறையில் கண்ணாடி துடைக்கப் போட்டார்கள். கை நடுங்கும். காலையில் வின்னிதான் சட்டைப் பொத்தான் போட்டு அனுப்புவார். சில வருஷத்தில் மனிதர் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூடுபனியில் ஓட்டுநரை எச்சரிக்கத் தண்டவாளத்தில் தட்டை வெடிகளை ஈயப் பட்டையால் கட்டுவோம். சக்கரம் ஏறினால் வெடிக்கும். ஓட்டுநர் ஓய்வு பெறும் நாளில் அவருடைய கடைசி வண்டிக்கு முன்னால் அவற்றை வரிசையாக வைத்து வழியனுப்புவோம். ரயில்காரனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. ஹெர்பர்ட்டுக்குக் கடைசி வண்டியே இல்லை. வெடிக்கு எங்கே போவது?

இத்தனைக்கும் பிறகு, பக்கத்து ஊரில் பழைய நீராவி எஞ்சின் ஓட்டும் சங்கத்தார் ஒரு விழா வைத்தார்கள். சிறப்பு விருந்தாளி யார் என்றால், அந்தக் கும்பலில் ஒருவனான டெரிக் பாஸ்கோ. சிறையிலிருந்து வந்து ஊர் ஊராகப் போய் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவனை எஞ்சினில் ஏற்றி, வெடி வைத்து வரவேற்பார்களாம். வின்னி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். காரை எடுக்கச் சொன்னார், எடுத்தேன்.

பிளாட்பாரத்தில் சங்கச் செயலாளர் விட்டில் என்பவனைப் பிடித்து, வெடி மட்டும் வேண்டாம் என்று வின்னி தன்மையாகத்தான் கேட்டார். அந்த ஆள் சிரித்தான். எல்லாம் பழங்கதை, ஜனங்களுக்கு ஒரு தமாஷ், டிக்கெட்டும் விற்றாகிவிட்டது என்றான். அதற்குள் பாஸ்கோவே தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தான். வின்னி யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டான்.

“உங்க வீட்டுக்காரர் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லம்மா,” என்றான்.

கோபம் இல்லையாம்! மண்டையை உடைத்தவன் மன்னிக்கிறான்! நான் கையை ஓங்கிவிட்டேன். வின்னி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிளாட்பாரச் சரிவில் இறங்கி, எஞ்சினுக்கு முன்னால் போய், நல்ல கோட்டோடு ஜல்லியில் மண்டியிட்டார். ஈயப் பட்டையை நெம்பி ஒவ்வொரு வெடியாகக் கழற்றினார். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. விட்டில் கத்திப் பார்த்தான். எஞ்சின் ஓட்டுநரோ கரி எரியும் உலையை வெறித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். வின்னி அத்தனை வெடியையும் சிக்னல்காரர் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். பாஸ்கோவை ஏற்றிக்கொண்டு வண்டி வெடிச்சத்தம் இல்லாமல் கிளம்பியது. ஒருவரும் கைதட்டவில்லை.

திரும்பும்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. க்ரூ கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னாலேயே தண்டவாளம் போகிறது. நம் ரயில்காரப் பையன்களிடம் சொல்லி ஹெர்பர்ட்டுக்கு அங்கே வெடி வைத்துவிடலாம் என்றேன்.

வின்னி கைக்குட்டையால் விரலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“வேணாம் கிளிஃப். அந்த அடிக்கப்புறம் கதவு படார்னு சாத்தினாக்கூட மேஜைக்கடியில போய் உக்காந்துக்குவாரு. வெளிய கூட்டிட்டு வர எனக்கு அரைநாள் ஆகும். இப்பத்தான் நிம்மதியா தூங்கறாரு, விடு.”