ஐஸ் பெட்டியில் வந்த டப்பா

என் வீட்டுக்காரர் ரொட்டி போடுறவர். பதினேழு வருஷமா ஒரே பேக்கரி. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சூட்டோட சூடா ஒன்பது பன்னைத் தின்னுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னதால, அங்க எல்லாரும் அவரை 'பன்னு'ன்னுதான் கூப்பிடுவாங்க. முதலாளிகூட அப்படித்தான். நான் கூப்பிட மாட்டேன். ஆனா கோபம் வந்தா மனசுக்குள்ள அந்தப் பேரை வெச்சுத்தான் திட்டுவேன்.

ஆளு அதிகம் பேச மாட்டார். ஒரு காரியத்தைப் பிடிச்சா உடும்புப் பிடி. அடுப்புப் பக்கம் அவர்தான் தலை. கதவைத் திறக்காமலே, வாசனையை வெச்சே எந்தத் தட்டு வெந்துடுச்சு, எது இன்னும் ரெண்டு நிமிஷம் கேக்குதுன்னு சொல்லிடுவார். ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் தட்டு சுட்ட தழும்பு, வரி வரியா இருக்கும். பொண்ணு பார்க்க வந்தப்போ அதைப் பார்த்துத்தான் நான் சரின்னேன். சூட்டுக்கே பயப்படாத மனுஷன் வேற எதுக்குப் பயப்படப் போறார்னு நினைச்சேன். என் கணக்கு தப்பு. அவர் வெட்கத்துக்கு ரொம்பப் பயப்படுவார்.

கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. என் மாமியார் கெட்டவங்க இல்லை. எனக்குக் காய்ச்சல்னா ராப்பகல் பார்க்காம கால்மாட்டுலயே உட்கார்ந்திருப்பாங்க. வாய்தான் சும்மா இருக்காது. பக்கத்து வீடு, பஸ்ஸுல பக்கத்து சீட்டு, செருப்புக் கடைக்காரர், யார் கிடைச்சாலும் 'என் மருமகளுக்கு ஏதோ கோளாறு, பாவம்'னு ஆரம்பிச்சிடுவாங்க. அந்தப் 'பாவம்'தான் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ரெண்டு வருஷம் முன்னாடி டாக்டர்கிட்ட போனோம். எனக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாங்க, ஒரு குறையும் இல்லை. அப்புறம் அவருக்கு எடுத்தாங்க. டாக்டரம்மா பேப்பரைப் பார்த்து, ஒரு மில்லி விந்துல விந்தணு நாற்பது லட்சம்தான் இருக்குன்னாங்க. இவர் முகத்துல ஒரு சந்தோஷம் பாருங்க. நாற்பது லட்சம்னா நிறையதானேன்னு கேட்டார். குறைஞ்சது ஒரு கோடியே அறுபது லட்சமாவது இருக்கணும்னு டாக்டரம்மா சொன்னதும் அந்தச் சந்தோஷம் அப்படியே இறங்கிடுச்சு. அதுலயும் நேரா நீந்துறது அஞ்சுல ஒண்ணுதானாம்.

வெளிய வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னார். நான் சரின்னு தலையாட்டினேன். அந்தத் தலையை அன்னைக்கே நாலு குட்டு குட்டியிருக்கணும். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம், 'பாவம் பாவம்'னு கேட்கும்போதெல்லாம் வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி நின்னேன். அவரும் பக்கத்துலயே தரையைப் பார்த்துக்கிட்டு நிப்பார். அதுதான் எனக்கு வலிச்சது. நம்பர் வலிக்கலை.

அன்னைக்கு உள்ள டாக்டரம்மா இவர் வேலை என்னன்னும் கேட்டாங்க. அடுப்புக்கு முன்னாடி தினமும் பத்து மணி நேரம் நிக்கிறேன்னு சொன்னதும் பேனாவைக் கீழே வெச்சுட்டாங்க. விந்தணுவுக்குச் சூடு ஆகாதாம். புதுசா ஒண்ணு உருவாகி வெளிய வர மூணு மாசம் பிடிக்குமாம். அதனால இன்னைக்குச் செய்யறதோட பலன் மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும்னாங்க.

அவ்வளவுதான், மனுஷன் பிடிச்சுக்கிட்டார். மறுநாளே முதலாளிகிட்ட முதுகுவலின்னு பொய் சொல்லி, தலையா இருந்த அடுப்பை விட்டுட்டு மாவு பிசையற மேசைக்குப் போயிட்டார். பதினஞ்சு வருஷத்துப் பேரு, ஒரே நாள்ல இன்னொருத்தன் கைக்குப் போச்சு. கூட இருந்தவங்க பன்னுக்கு வயசாயிடுச்சுன்னு கிண்டல் பண்ணாங்க, இவர் மாவைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார். சிகரெட்டை விட்டார். கொதிக்கக் கொதிக்கக் குளிக்கிறவர் பச்சைத் தண்ணிக்கு மாறினார். வெயில்ல நிறுத்தின பைக் சீட்டுல தண்ணியை ஊத்தித் துடைச்சிட்டுத்தான் உட்காருவார். தெருவே வேடிக்கை பார்க்கும். அவர் மண்டையில ஒண்ணே ஒண்ணுதான் ஆணி அடிச்ச மாதிரி இறங்கியிருந்தது: சூடு எதிரி.

மூணு மாசத்துல எழுபது லட்சம். ஆறாம் மாசம் ஒரு கோடியே பத்து லட்சம். இப்பவும் குறைவுதான், ஆனா ஐ.யு.ஐ. பண்ணிப் பார்க்கலாம்னாங்க. அதாவது, விந்தை லேப்ல கழுவி, நல்லா நீந்துறதை மட்டும் பிரிச்சு, முட்டை வெளியாகிற நாள் பார்த்து மெல்லிசுக் குழாய் வழியா கர்ப்பப்பையில விடுறது. கழுவின பிறகு அம்பது லட்சமாவது கையில நின்னா நம்பிக்கை உண்டுன்னாங்க. மூணு தடவை பார்ப்போம், அதுக்கு மேல இது வேண்டாம்னும் சொன்னாங்க. அடுத்த கட்டம் வெளியூர்ல பெரிய வைத்தியம். அந்தச் செலவு நம்மால ஆகாதுன்னு நாங்க ரெண்டு பேரும் அப்பவே பேசி முடிச்சிட்டோம். ஆக, மூணே வாய்ப்பு.

முதல் தடவை கழுவின பிறகு இருபது லட்சம்தான் தேறிச்சு. கர்ப்பம் நிக்கலை. ரெண்டாவது தடவை அதைவிட மோசம். அந்த கிளினிக்ல சாம்பிள் கொடுக்க ஒரு சின்ன ரூம். ஒரு சோபா, ஒரு வாஷ்பேசின், சுவத்துல நீர்வீழ்ச்சி படம். கதவுக்கு வெளிய நேரா பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற ஹால். இவர் உள்ள போய் முக்கால் மணி நேரம் ஆச்சு. யாரோ பாத்ரூம்னு நினைச்சு ரெண்டு தடவை தட்டிட்டாங்க. காலி டப்பாவோட வெளிய வந்தார். அந்த வாய்ப்பு அதோட போச்சு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் மன்னிச்சிடு மன்னிச்சிடுன்னே வந்தார். எனக்கு அழுகையைவிட அந்தத் தட்டின கை மேலதான் ஆத்திரம்.

மூணாவது தடவைக்கு, வீட்டுலயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வரலாம்னு நர்ஸ் சொன்னாங்க. எப்படிக் கொண்டு வரணும்னு ஒரு பேப்பரும் கொடுத்தாங்க. ஹால்ல நாலு பேர் பார்க்கிறாங்களேன்னு இவர் அதை நாலா மடிச்சு பாக்கெட்ல திணிச்சார். படிச்சீங்களான்னு கேட்டேன், படிச்சேன்னார். நான் வேலை பார்க்கிறது கூரியர் ஆபீஸ்ல. கண்ணாடின்னா எப்படிச் சுத்தணும், மருந்துன்னா எப்படி வைக்கணும்னு ஊருக்கே சொல்ற வாய் இது. என் வாழ்க்கையிலேயே முக்கியமான பார்சலை மட்டும் அவர் பொறுப்புல விட்டேன்.

அன்னைக்குக் காலையில எனக்கு ஸ்கேன். அதனால நான் முன்னாடியே கிளம்பினேன். மாமியாரும் கூட வந்தே தீருவேன்னு வந்துட்டாங்க. முட்டை தயாரா இருக்கு, இன்னைக்கு மதியத்துக்குள்ள முடிக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. பத்து மணிக்கு இவர் வந்தார். நெஞ்சோட அணைச்சு ஒரு வெள்ளைப் பெட்டி. பேக்கரியில ஈஸ்ட் வைக்கிற ஐஸ் பெட்டி. முகமெல்லாம் பெருமை. நாப்பதே நிமிஷத்துல வந்துட்டேன், துளி சூடு படலைன்னார்.

மாமியாரை ஹால்லயே உட்கார வெச்சுட்டு நானும் அவர் கூட லேப்புக்குப் போனேன். லேப்ல இருந்த அம்மா மூடியைத் திறந்தாங்க. ஐஸ் கட்டிக்கு நடுவுல டப்பா. ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்தாங்க. அப்புறம் எங்களையும் பார்க்கச் சொன்னாங்க. புள்ளி புள்ளியா எவ்வளவோ இருந்தது. ஒண்ணுகூட அசையலை.

இவர் நிமிர்ந்து, கொஞ்சம் பொறுங்க, வெதுவெதுப்பு பட்டா எழுந்துக்கும்னார். தினமும் அவர் பார்க்கிறது அதுதானே. ஈஸ்ட் ஐஸ்ல வெச்சா தூங்கும், வெதுவெதுப்பான தண்ணியில போட்டா முழிச்சுக்கிட்டு நுரைக்கும். சூடுதான் கொல்லும், குளிர் காப்பாத்தும். பதினேழு வருஷப் பாடம்.

"அண்ணே, ஈஸ்ட் முழிக்கும். இது முழிக்காது," லேப் அம்மா சொன்னாங்க. "உடம்புச் சூட்டுலயே, சட்டைக்குள்ள வெச்சுக் கொண்டு வரச் சொல்லித்தானே பேப்பர்ல போட்டிருந்தது?"

இவர் பாக்கெட்ல கையை விட்டார். பேப்பர் அதே நாலு மடிப்போட இருந்தது.

நான் என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கிறீங்க? பன்னு, பன்னுன்னு மனசுக்குள்ள நூறு தடவை. வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா அந்த மூஞ்சியைப் பார்த்தேன். கருகின தட்டைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிற ஆள் மாதிரி நின்னார். திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம்னு விட்டுட்டேன். இன்னும் பாக்கி இருக்கு.

லேப் அம்மாதான் வழி சொன்னாங்க. மதியம் வரைக்கும் நேரம் இருக்கு, இன்னொரு சாம்பிள் கொடுத்துப் பாருங்க, ரெண்டாவதுல அளவு குறையலாம், ஆனா ஓட்டம் நல்லாவே இருக்கலாம்னாங்க. வீட்டுக்குப் போய் வர நேரம் இல்லை, இங்கயே கொடுக்கணும். இங்கயேன்னா அந்த ரூம்.

இவர் அந்தக் கதவையே பார்த்தார். ஹால்ல கூட்டம் வழியுது. நான் ஏதாவது சொல்லுவேன்னு எதிர்பார்த்தார் போல.  அப்புறம் அவரே டப்பாவை வாங்கிக்கிட்டு, "நான் போறேன். இந்தத் தடவை வெறுங்கையோட வர மாட்டேன்"னுட்டு உள்ள போயிட்டார்.

நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அந்தக் கதவுக்குக் குறுக்க போட்டு உட்கார்ந்தேன். எவனாவது தட்டட்டும் பார்க்கலாம்னு இருந்தேன். ஒருத்தர் பாத்ரூமான்னு கேட்டார். அந்தப் பக்கம்னு நான் கை காட்டின விதத்துல, பாவம், அவருக்கு அவசரமே மறந்திருக்கும். நர்ஸ்கூட ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.

அப்போதான் என் மாமியாருக்குப் பொழுது போகலை. பக்கத்துல இருந்த ஒரு அம்மாகிட்ட ஆரம்பிச்சாங்க. ஆறு வருஷம் ஆச்சு, என் பையன் தங்கம், மருமகளுக்குத்தான் ஏதோ கோளாறு, பாவம், அவனும் அவளுக்காக இங்க அலையறான். கதவுக்கு ரெண்டடி தூரம். அவங்க குரல் வேற கிணத்துக்குள்ள இருந்து கூப்பிட்டாலும் கேட்கும். உள்ள இவருக்கு ஒரு வார்த்தை விடாம விழுந்திருக்கும். போச்சு, இன்னைக்கும் காலி டப்பாதான்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன். கடைசி வாய்ப்பு. அது இப்படியா போகணும்?

எவ்வளவு நேரம் போச்சோ தெரியலை. பின்னாடி தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. எழுந்து நாற்காலியை நகர்த்தினேன். இவர் சட்டை பட்டன் ரெண்டைக் கழட்டி, டப்பாவை வயித்தோட ஒட்டி, அதுமேல உள்ளங்கையை வெச்சுக்கிட்டு நின்னார். தரையைப் பார்க்கலை. நேரா அவங்க அம்மா முன்னாடி போனார்.

"அம்மா, கோளாறு அவகிட்ட இல்லை. என்கிட்டதான். ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். அவளைப் பேச்சு வாங்க விட்டுட்டு நான் ஒளிஞ்சிக்கிட்டு இருந்தேன்."

கத்தலை. அடுப்புப் பக்கம் நின்னு தட்டு தயார்னு சொல்ற அதே குரல்தான்.  நீர்வீழ்ச்சி படத்துக்குப் பயந்த மனுஷன், பத்து ஜோடிக் கண்ணுக்கு நடுவுல, வயித்துல கையை வெச்சபடி லேப்புக்கு நடந்து போனார். என் மாமியார் வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரலை. நான் அழுதேன். எல்லாருக்கும் தெரிய, மூக்கைச் சிந்திக்கிட்டு அழுதேன். ஆறு வருஷத்து அழுகை அது.

லேப் அம்மா இந்தத் தடவையும் பார்க்கச் சொன்னாங்க. இவர் குனிஞ்சு பார்த்தவர் எழுந்துக்கவே இல்லை. "ஓடுதுங்க"ன்னு மட்டும் சொன்னார். கழுவி எண்ணினப்போ நாற்பத்தெட்டு லட்சம். அம்பதுக்கு ரெண்டு குறைவு. டாக்டரம்மா யோசிச்சாங்க. இவர் கேட்டார், "ரெண்டு லட்சத்துக்காக நிறுத்தாதீங்கம்மா, போட்டுடுங்க." போட்டாங்க. வேலை அஞ்சு நிமிஷம்தான், வலிகூடப் பெருசா இல்லை. படுத்திருந்த கால் மணி நேரமும் என் கையை விடலை. கையில ஈஸ்ட் வாடை.

அதுக்கப்புறம் பதினாறு நாள். என் மாமியார் அந்தப் பதினாறு நாளும் என்கிட்ட அதிகம் பேசலை. மன்னிப்பெல்லாம் கேட்கலை, அது அவங்களுக்கு வராது. ஆனா தினமும் என் துணியை அவங்களே துவைச்சுப் போட்டாங்க. செருப்புக் கடைக்காரர் விசாரிச்சப்போ, எங்க வீட்டுல யாருக்கும் கோளாறு இல்லை, வேலையைப் பாருங்கன்னு ஒரு வெட்டு வெட்டினாங்களாம். இவர் அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. இது நிக்கலைன்னா டாக்டரம்மா கால்ல விழுந்தாவது நாலாவது கேட்பேன், அந்த ரூம் இப்போ எனக்குப் பழகிடுச்சுன்னார்.

பதினாறாம் நாள் ரத்தம் கொடுத்தோம். கர்ப்பம் நின்னா ரத்தத்துல ஒரு எண் ஏறும். இருபத்தஞ்சைத் தாண்டினா ஆமாம்னு அர்த்தம். சாயங்காலம் போன் வந்தப்போ மூணு பேரும் சமையல் மேசையைச் சுத்தி உட்கார்ந்திருந்தோம். இவர்தான் எடுத்தார். கேட்டார், சரின்னார், வெச்சார்.  எனக்குக் கேட்கப் பயம்.

என் மாமியார்தான் கேட்டாங்க. யாருக்கு என்னன்னு கேட்கலை. எங்க வீட்டுல எல்லாருமே எண்ணுக்குப் பழகிட்டோமே.

"எத்தனைப்பா?"

"நூத்தி எண்பது."

"அது போதுமாடா?"

நாற்பது லட்சம் போதலை, ஒரு கோடி போதலை, நாற்பத்தெட்டும் போதலை. ரெண்டு வருஷமா எந்த எண்ணுக்கும் அவர் வாயில இருந்து நான் கேட்காத வார்த்தை. தழும்பு விழுந்த ரெண்டு கையாலயும் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, என்னைப் பார்த்துக்கிட்டே அவங்க அம்மாவுக்குப் பதில் சொன்னார்.

"போதும்மா."